ஃபுட் வால்வு

அக்காவின் காலுக்காக நாங்கள் முதலில் போனது டாக்டரிடம் அல்ல, எண்ணெய் போட்டு நீவி விடுகிறவரிடம். அதற்குக் காரணம் ஒரே ஒரு சொல். முழங்காலுக்குக் கீழே உள்பக்கமாக, தோலுக்கடியில் மண்புழு நெளிகிற மாதிரி பச்சை பச்சையாகப் புடைத்திருந்ததைப் பார்த்தவர்கள் எல்லாம் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றார்கள். நரம்பு என்றதும் நரம்புத் தளர்ச்சி என்று ஒருவர் சொல்ல, தளர்ச்சி என்றதும் சத்துக் குறைவு என்று இன்னொருவர் சொல்ல, மருந்துக்கடையில் வாங்கிய சத்து மாத்திரை ஆறு மாதம் ஓடியது, அது போக வாரத்துக்கு இரண்டு தடவை எண்ணெய். அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நீவி விட்ட அன்று ராத்திரி மட்டும் அக்காவுக்குக் கால் கனம் குறைந்திருக்கும். ஏன் குறைந்தது என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் புரிந்தது.

தமிழில் நரம்பு ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு, மூளையிலிருந்து விரலுக்குச் சேதி கொண்டுபோவதும் நரம்பு, ஊசி போட நர்ஸ் கையைத் தட்டித் தட்டித் தேடுவதும் நரம்பு ("நரம்பே கெடைக்கலையே, தண்ணியே குடிக்க மாட்டீங்களா?"). பள்ளிக்கூடத்தில் தமனி (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது), சிரை, தந்துகி (இரண்டையும் இணைக்கும் மெல்லிய குழாய்) என்று பிரித்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இலங்கைப் பாடப்புத்தகங்களில் நாடி, நாளம் என்பார்கள், தந்துகிக்கு மயிர்த்துளைக் குழாய் என்று அழகான பெயர். நாமோ பரீட்சை முடிந்த கையோடு அந்தச் சொற்களையும் புத்தகத்தோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு மறுபடி நரம்புக்கே வந்துவிடுகிறோம். அக்காவுக்குக் கோளாறு இருந்தது சிரையில், அதாவது போன ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயில். அந்தச் சொல் எங்கள் வீட்டில் யாருடைய வாயிலாவது ஒட்டியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அக்கா ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பதினாலு வருடமாகப் புடவை செக்‌ஷனில் இருக்கிறாள். காலை ஒன்பதரைக்குள் போனால் ராத்திரி ஒன்பதரைக்கு வெளியே வருவாள், ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் பதினொன்றும் ஆகும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மற்றபடி நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால்கூட சூப்பர்வைசர் பார்வை வரும். கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து, அரித்து, சொறிந்த இடம் புண்ணாகி அது மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தபோது "சர்க்கரையா இருக்கும்" என்று யாரோ பயமுறுத்தினார்கள். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை. அப்போதுதான் ஒருவழியாக ரத்தக்குழாய் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். (ரத்தக்குழாய்க்கென்று தனியாக டாக்டர் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இதய டாக்டர் என்றால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

அந்த டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

"எத்தன மணி நேரம்மா நிப்பீங்க?"

"கடை நேரம் பூரா மேடம்."

"நிப்பீங்களா, நடப்பீங்களா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "நிப்போம் மேடம். கவுன்டர்ல எங்க நடக்குறது?"

"அதான்" என்று எழுதிக்கொண்டார். எனக்கு விளங்கவில்லை. நிற்பதற்கும் நடப்பதற்கும் அப்படி என்ன வித்தியாசம், இரண்டிலும் உடம்பின் பாரத்தைக் கால்தானே தாங்குகிறது?

பிறகு டாப்ளர் ஸ்கேன். அக்காவை ஒரு சின்னப் படிமேல் நிற்க வைத்து, தொடையிலும் கெண்டைக்காலிலும் ஜெல் தடவி, கருவியை வைத்தார். ரயில் ஹாரன் நம்மை நோக்கி வரும்போது ஒரு சுருதியும் தாண்டிப் போகும்போது வேறு சுருதியுமாகக் கேட்கிறதே, 1842ல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன அதே சங்கதிதான், இங்கே ரயிலுக்குப் பதில் ரத்தம். கெண்டைக்காலை அவர் கையால் ஒரு அமுக்கு அமுக்கினார். ஸ்பீக்கரில் "ஷூக்" என்று ஒரு சத்தம். ரத்தம் மேலே போகிறது. கையை விட்டார். இப்போது நல்ல காலாக இருந்தால் அமைதியாக இருக்க வேண்டுமாம். அக்காவின் காலில் "ஷ்ஷ்ஷ்ஷ்..." என்று நீளமாக, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. "கேக்குதா? ஏத்தினது பூரா திரும்ப எறங்குது. அரை செகண்டுக்கு மேல எறங்கினாலே வால்வு போச்சுன்னு அர்த்தம்" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "டேய், நம்ம கெணத்து ஃபுட் வால்வு மாதிரிடா."

டாக்டர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது.

கிணற்று மோட்டார் பார்த்து வளராதவர்களுக்காக: மேலே மேடையில் மோட்டார் இருக்கும், அதிலிருந்து ஒரு குழாய் தண்ணீருக்குள் இறங்கும், அதன் அடிமுனையில் ஓட்டை ஓட்டையாக ஒரு குடுவை, அதற்குள் மேல்நோக்கி மட்டும் திறக்கிற ஒரு மூடி. அதுதான் ஃபுட் வால்வு. மோட்டாரை நிறுத்தினாலும் குழாயில் ஏறிய தண்ணீரை அது இறங்கவிடாமல் பிடித்துவைக்கும். அதில் ஒரு சின்னக் கல் சிக்கினாலோ மூடியின் தோல் தேய்ந்தாலோ போச்சு. ராத்திரியோடு தண்ணீர் இறங்கிவிடும், காலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் வெறுங்காற்றை அடித்துக்கொண்டு கத்தும். அப்பா குடத்தில் தண்ணீரும் கரைத்த சாணியும் ஊற்றிக் குழாயை நிரப்புவார், சாணி போய் மூடியின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. மோட்டாருக்கு ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. கிணற்றுக்கு அடியில் கிடக்கிற ஃபுட் வால்வுக்கு யாரும் பொட்டு வைத்ததில்லை.

இதயத்தைப் பற்றி நாம் பேசுவதும் அந்த மாதிரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மோட்டாரையே பேசுகிறோம்.

மோட்டார் லேசுப்பட்டது என்று சொல்லவில்லை. முன்னூறு கிராம் சுமாருக்கு ஒரு கைப்பிடிச் சதை, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் தடவை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர். நம் உடம்பில் மொத்தமாக இருப்பதே 5 லிட்டர் சொச்சம், ஆக உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஒரு முறை மொத்தச் சரக்கும் கைமாறுகிறது. உண்மையில் அது ஒரு மோட்டார்கூட இல்லை, ஒட்டிப் பிறந்த இரண்டு. வலதுபக்கத்து மோட்டார் பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புவதால் அதன் சுவர் மெலிசு. இடதுபக்கம் தலை முதல் கட்டைவிரல் வரை தள்ள வேண்டும், அதன் சுவர் மூன்று மடங்கு தடிமன். ரெக்கார்டு நோட்டில் படம் வரையும்போது வலதை இடதாகப் போட்டு எல்லோரும் ஒரு தடவையாவது மார்க் இழந்திருப்போம், எதிரே நிற்கிற ஆளின் இதயம் அது என்று யாராவது முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். அப்புறம் அந்த நீலக் கலர் பென்சில். ஆக்சிஜனை இறக்கிவைத்துவிட்டு வரும் ரத்தம் நீலம் இல்லை, கருஞ்சிவப்பு, அவ்வளவுதான்.

எனக்கு இதயத்தில் பிடித்த விஷயம் வேறு. அது யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. வலது மேலறையின் சுவரில் இருக்கும் ஒரு சின்னத் திட்டு தானாகவே மின்துடிப்பைக் கிளப்புகிறது. மூளை அதை வேகப்படுத்தலாம், நிதானப்படுத்தலாம், ஆனால் துடி என்று சொல்ல வேண்டியதில்லை. வேறொருவர் நெஞ்சுக்கு மாற்றி வைத்த இதயம் பழைய நரம்புத் தொடர்பெல்லாம் அறுந்த பிறகும் துடிப்பது இதனால்தான். (இங்கே நான் சொல்வது அசல் நரம்பு.) அந்தத் துடிப்பு மேலறைகளில் பரவி, கீழறைக்குப் போகிற வாசலில் பத்தில் ஒரு பங்கு செகண்ட் அளவுக்கு நின்று போகிறது. மேலே இருப்பவர்கள் சரக்கை இறக்கி முடிக்கட்டும் என்று கீழே இருப்பவர் காத்திருக்கிற மாதிரி. அப்புறம் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கிற லப் டப். அது பெரும்பாலும் சதை துடிக்கிற சத்தம் இல்லை, கதவு சாத்துகிற சத்தம். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வுகள் மூடும்போது லப், கீழறையிலிருந்து வெளியே போகும் குழாய்களின் வால்வுகள் மூடும்போது டப். இந்தக் கதவுகளைத் திறக்கவோ சாத்தவோ தனியாக ஆள் கிடையாது. முன்னால் போகிற ரத்தம் தள்ளினால் திறக்கும், திரும்ப வரப் பார்த்தால் அதே ரத்தமே இடித்துச் சாத்திவிடும். கிணற்று மூடியின் சூத்திரம்தான். அதே கதவை, ஆனால் வெங்காயச் சருகு மாதிரி மெலிசாகச் செய்து, கால் சிரைகளுக்குள் வழிநெடுக மாட்டி வைத்திருக்கிறது உடம்பு.

சரி, ரத்தம் கால்வரை போய்விட்டது. எப்படி மேலே ஏறுகிறது? இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில், பி.பி. பார்க்கிற அதே அளவில், சராசரியாக 95 ஆக இருந்த அழுத்தம், தந்துகிகளின் இடுக்கில் நுழைந்து வெளியே வருவதற்குள் 15க்கும் கீழே போய்விடுகிறது. தந்துகி என்றால் சிவப்பணுவே உடம்பை மடக்கிக்கொண்டு நுழைகிற அளவுக்குச் சின்னது, சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடுவதைப்போல இதயம் கொடுத்த தள்ளல் முக்கால்வாசிக்கு மேல் அங்கே போய்ச் சேருவதற்குள்ளும் அங்கேயும் செலவாகிவிடும். மிச்சம் இருக்கும் 15ஐ வைத்துக்கொண்டு நாலடி உயரம் ஏறுமா? நான் இப்படித்தான் நினைத்தேன், பல பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் இது பாதி தப்பு.

கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் எவ்வளவு உயரம் தண்ணீர் இருக்கிறதோ மறுமுனையில் அதே உயரத்துக்குத் தானாக வந்து நிற்கும், யாரும் ஏற்ற வேண்டாம். தமனியில் நாலடி இறங்குகிற ரத்தத்தின் பாரமே சிரையில் நாலடி ஏறுகிற ரத்தத்தைத் தாங்கிப் பிடித்துவிடுகிறது. ஏறுவது பிரச்சினையே இல்லை. பிரச்சினை எங்கே என்றால், இந்த டியூப்பின் ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் பலூன் ரப்பரிலும் இருக்கிறது. சிரை மெலிசு, தளர்வு, எவ்வளவு வந்தாலும் விரிந்து இடம் கொடுக்கும். நம் ரத்தத்தில் 100க்கு 60க்கு மேல் எப்போதும் சிரைகளில்தான் இருக்கிறது. அசையாமல் நின்றால் நாலடி ரத்தத்தின் பாரம் முழுவதும் கணுக்கால் சிரையின் சுவரில் வந்து உட்காரும், அங்கே அழுத்தம் 90 வரை போகும். பலூன் விரியும், ரத்தம் அடியில் தேங்கும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து கால் வீங்கும்.

நடந்தால்? கெண்டைக்கால் சதை ஒவ்வொரு அடிக்கும் இறுகி, நடுவில் மாட்டிக்கொண்ட ஆழத்துச் சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது, சதை தளரும்போது வால்வு சாத்திக்கொள்கிறது, போனது போனதுதான். நாலடித் தூண் துண்டு துண்டாக உடைந்துவிடுகிறது, கணுக்காலில் அந்த 90 முப்பதுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. டாக்டர் ஏன் நிப்பீங்களா நடப்பீங்களா என்று கேட்டார் என்பது இதுதான். பன்னிரண்டு மணி நேரம் நடக்கிற தபால்காரரின் கால் வேறு, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற புடவைக்கடைப் பெண்ணின் கால் வேறு. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சில டாக்டர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. எல்லாப் பெருமையையும் திரும்ப இதயத்துக்கே கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

இந்த வால்வுகளின் கதையைத் தேடிப் போனால் இத்தாலியில் பதுவா நகரம் வருகிறது. அங்கே ஃபாப்ரிசியஸ் என்ற உடற்கூற்றுப் பேராசிரியர் சிரைகளுக்குள் இருக்கும் சின்னக் கதவுகளைப் படம் போட்டு 1603ல் ஒரு நூலாகவே வெளியிட்டார். ஆனால் அவை எதற்கு என்பதில் கோட்டைவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் தலைக்குள் இருந்தது 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் விட்டுப்போன கணக்கு. சோற்றிலிருந்து கல்லீரல் ரத்தத்தைக் காய்ச்சுகிறது, அது சிரைகள் வழியாக வாய்க்கால் தண்ணீர் வயலுக்குப் பாய்வதைப்போல் உடம்பெங்கும் பாய்ந்து அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. வயலுக்குப் போன தண்ணீர் ஏரிக்குத் திரும்புமா? திரும்பாது. அப்படியானால் சிரையில் கதவு எதற்கு? ரத்தம் எல்லாம் காலுக்கே ஓடிப் போய்த் தேங்கிவிடாமல் வேகத்தைக் குறைக்க என்று முடிவுகட்டினார். கதவையே பார்த்துவிட்டு, அது அந்தப் பக்கம் திறப்பதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்காமல் போனார்.

அவரிடம் படித்தவர்தான் வில்லியம் ஹார்வி. 1602ல் பதுவாவில் பட்டம் வாங்கிக்கொண்டு இங்கிலாந்து திரும்பினார். ரத்தம் சுற்றி வருகிறது என்ற எண்ணம் எப்படி வந்தது என்று வயதான காலத்தில் அவரிடம் கேட்டதற்கு, சிரை வால்வுகள் எல்லாம் இதயத்தைப் பார்த்தே திறக்கும்படி அமைந்திருப்பதைக் கவனித்ததிலிருந்துதான் என்று சொன்னதாக விஞ்ஞானி ராபர்ட் பாயில் எழுதி வைத்திருக்கிறார். இதயத்தைப் பார்த்து இல்லை, கையையும் காலையும் பார்த்து வந்த யோசனை. எனக்கு இது சந்தோஷமாக இருந்தது.

1628ல் ஃபிராங்ஃபர்ட்டில் லத்தீனில் அச்சான அவருடைய சின்னப் புத்தகத்தில் மளிகைக்கடைக் கணக்கு மாதிரி ஒரு கணக்கு வரும். ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ்தான் வெளியே போகிறது என்று வைத்துக்கொள், அரை மணி நேரத்துக்கு ஆயிரம் துடிப்புதான் என்று வைத்துக்கொள் (இரண்டுமே வேண்டுமென்றே குறைத்துச் சொன்னவை), அப்படியும் 500 அவுன்ஸ் ஆகிறது, 14 கிலோ. அரை மணி நேரத்தில் கல்லீரல் இத்தனை ரத்தத்தை எந்தச் சோற்றிலிருந்து காய்ச்சும்? போனதே திரும்பி வந்தால் ஒழியக் கணக்கு நேராகாது. ஆயிரத்து நானூறு வருடம் நின்ற ஒரு கோட்பாட்டைப் பெருக்கல் வாய்ப்பாடு கவிழ்த்தது. தமனிக்கும் சிரைக்கும் இடையில் ரத்தம் எந்த வழியாகக் கடக்கிறது என்பதை மட்டும் அவர் கடைசிவரை பார்க்கவில்லை. 1657ல் இறந்துபோனார். நாலு வருடம் கழித்து 1661ல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தந்துகிகளைப் பார்த்தார்.

ஹார்வி தன் புத்தகத்தில் போட்டிருக்கும் கைப்படத்தை நீங்களே செய்து பார்க்கலாம், நான் துண்டை வைத்துச் செய்து பார்த்தேன். முழங்கைக்கு மேலே லேசாக இறுக்கிக் கட்டினால் முன்கையில் சிரைகள் புடைக்கும், நடுநடுவே சின்ன முடிச்சு மாதிரி தெரியும் இடங்கள்தான் வால்வு. இரண்டு முடிச்சுக்கு நடுவில் கீழ்ப்பக்கமாக ஒரு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை மேல்முடிச்சைத் தாண்டி வழித்துத் தள்ளுங்கள். அந்தத் துண்டு காலியாகப் படுத்துவிடும், மேலே அவ்வளவு ரத்தம் இருந்தும் ஒரு சொட்டு இறங்காது. கீழ்விரலை எடுத்தால் மட்டும் சடாரென்று நிரம்பும். ஒல்லியான, வேலை செய்த கையாக இருந்தால் நன்றாகத் தெரியும். எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை, அக்கா கையில் படத்தில் உள்ளபடியே தெரிந்தது. "கை வால்வெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இதை எழுதும்போது பள்ளிக்கூடப் பிரேயர் ஞாபகம் வருகிறது. சுதந்திர தினம், கொடியேற்றம், சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டே இருப்பார், அசையாமல் நிற்க வேண்டும், வரிசையில் எங்காவது ஒரு பையன் சொத்தென்று விழுவான். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான் என்று வாத்தியார் சொல்வார், அதுவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அந்த ரத்தம் அவன் காலில் நின்றுகொண்டிருந்தது. இதயம் தனக்கு வந்ததைத்தான் அனுப்பும், வராததை அதனால் உண்டாக்க முடியாது. நிறைய வந்தால் சதை நன்றாக இழுபட்டு ஓங்கித் தள்ளும், குறைவாக வந்தால் குறைவாகத்தான் தள்ளும். ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்கும் அவருக்குப் பின் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் நிறுவிய இந்த விதியைக் கிணற்று மேட்டில் நிற்கிற எவரும் வேறு வார்த்தையில் சொல்லுவார்கள். மூளைக்குப் போவது குறைந்ததும் மயக்கம். விழுந்ததும் அவனுக்குத் தேவையான வைத்தியம் நடந்துவிட்டது, ஏனென்றால் படுத்த உடம்பில் காலும் இதயமும் ஒரே மட்டம், தேங்கியது எல்லாம் வந்து சேரும். ஆனால் நாம் என்ன செய்வோம், நாலு பேர் ஓடிப்போய் அவனைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்போம். படுக்கவிட்டுக் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாலே போதும். எண்ணெய் போட்ட பெரியவர் அக்காவைப் படுக்க வைத்துக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீவினார் அல்லவா, அந்த ராத்திரிகளில் கால் லேசானதும் இதனால்தான்.

அக்காவுக்கு லேசர் செய்யலாம் என்றார்கள். கணுக்காலின் உள்பக்கத்திலிருந்து இடுப்பு மடிப்பு வரை தோலுக்கடியில் ஓடுகிற சஃபீனஸ் என்ற சிரை, உடம்பிலேயே நீளமானது, அதன் மேல்முனைக் கதவு முதலில் பழுதாகி, அதற்குக் கீழே உள்ளது பாரம் தாங்காமல் விரிந்து, விரிந்ததால் அதன் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் போய், இப்படியே படிப்படியாகக் கீழே வரை. அதைச் சூடு வைத்து அடைத்துவிடுவார்கள். அக்கா கேட்டாள், நானும் கேட்க நினைத்ததுதான்: "அடைச்சுட்டா ரத்தம் எந்த வழியா மேடம் போகும்?" பெரும்பங்கு ரத்தம் எப்போதுமே சதைக்குள் இருக்கும் ஆழத்துச் சிரைகள் வழியாகத்தான் போகிறதாம். மேலே தெரிவது சர்வீஸ் ரோடு மாதிரி. போகாத ரோட்டை அடைத்தால் நஷ்டமில்லை, ஒழுகுகிற ரோட்டை அடைத்தால் லாபம்.

அதே சஃபீனஸைத்தான் எங்கள் பெரியப்பாவின் காலிலிருந்து எடுத்து இதயத்தில் வைத்துத் தைத்தார்கள். இதயம் தன் சொந்தச் சாப்பாட்டை விம்மித் தள்ளும்போது எடுத்துக்கொள்வதில்லை, அப்போது சதை இறுகித் தன் குழாய்களையே நெரித்துக்கொள்ளும். தளர்ந்து ஓய்ந்திருக்கிற அரை செகண்டில்தான் இடதுபக்கச் சதைக்குப் பெரும்பங்கு ரத்தம் போகிறது. அந்தக் குழாய் அடைத்தால் மாரடைப்பு. அடைப்பைத் தாண்டிப் புதுப்பாதை போடக் காலின் சிரையைப் பயன்படுத்தும் முறையை 1967ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ நிலைநாட்டினார், எட்டு வருடம் கழித்து 1975ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவில் அதைச் செய்து காட்டினார். பெரியப்பா கடைசிவரை "நெஞ்சு பரவால்லப்பா, கால்ல வெட்டுனதுதான் வலி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் டாக்டர் அம்மாவிடம் தெரிந்துகொண்ட ஒரு விவரம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது: அந்தச் சிரையைத் தைக்கும்போது தலைகீழாகத் திருப்பித்தான் தைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தை மறிக்கும். நெஞ்சுக்குப் போன பிறகும் கதவு இதயத்தைப் பார்த்த திசையை மறப்பதில்லை.

2021 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018லேயே வாங்கிவிட்டார்கள். இதயத்துக்கென்று எவ்வளவோ முகாம், வாக்கத்தான் எல்லாம் நடக்கிறது, ஆனால் ரத்த ஓட்டத்துக்காக நம் சட்டசபையில் போட்ட சட்டம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், அதில் ரத்தம் என்ற சொல்லே இருக்காது. அக்காவின் கடையிலும் ஸ்டூல் வந்தது. முதல் வாரம் எல்லோரும் மாறி மாறி உட்கார்ந்தார்களாம். அப்புறம் ஆடி வந்தது, ஸ்டூல் மேல் பிரிக்காத புடவைக் கட்டுகள் ஏறின, இன்னும் இறங்கவில்லை.

லேசர் முடிந்து ஒரு மாதத்தில் புண் ஆறிவிட்டது. கறுப்பு முழுக்கப் போகாது என்றார்கள், போகவில்லை. கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும் ஸ்டாக்கிங்ஸ் ஒன்று கொடுத்தார்கள், காலையில் எழுந்ததும் காலைக் கீழே வைப்பதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவது தனிக் கொடுமை. ஒட்டகச்சிவிங்கிக்குக் கால் தோலே அந்த மாதிரி இறுக்கமாகத்தான் இருக்குமாம் என்று நான் ஆறுதல் சொன்னேன். "அதுக்குப் புடவை விக்கற வேலை இல்ல" என்றாள்.

நடக்க முடியாவிட்டால் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், மணிக்கு ஒருதரம், இருபது முப்பது தடவை. அக்கா கவுன்டருக்குப் பின்னால் நின்று அதைச் செய்கிறாள். போன வாரம் ஒரு அம்மா கல்யாணப் புடவை எடுக்க வந்தவர், பத்துப் பதினைந்து புடவையைப் பிரித்துப் போட்டும் மனசுக்குப் பிடிக்காமல் நின்றிருந்தவர், அக்கா எம்பி எம்பி நிற்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்:

"ஏம்மா, மேல் தட்டுல நல்லதா எதையோ ஒளிச்சு வச்சுக்கிட்டுத்தானே அப்பப்ப எட்டிப் பாத்துக்கற? அதை எடு மொதல்ல."